தெரியல மேடம்

காலனிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தெரியல மேடம்’. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் கூச்சப்படுவார். அதைவிட, பெயர் போட்டு எழுதியதில் ஒரு வரி பிசகாக இருந்தாலும் ஃபோன் செய்து திருத்தச் சொல்வார்.

ஓசூருக்கு வெளியே, கர்நாடக எல்லைக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தொழிற்சாலை ஆட்களுக்கென்று கட்டிய குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதற்குக் குடிநீர் சுத்தம் செய்து அனுப்புகிற பிளான்ட்டில் நான் ஆபரேட்டர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அவர் லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. அவருக்கு முப்பது இருக்கலாம். தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று மொழியிலும் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை ஒன்றேதான். தெலுங்குக்காரரிடம் ‘தெலீது’, கன்னடக்காரரிடம் ‘கொத்தில்லா’, எங்களிடம் ‘தெரியல’.

எங்கள் மேனேஜர் தினமும் காலையில் லேப் வாசலில் நின்று, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்பார். முன்பு லேபில் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் “சூப்பர் சார்” என்பார். கேள்வியும் பதிலும் வணக்கம் மாதிரி. மேடம் வந்த முதல் வாரம் அதே கேள்விக்கு, “நேத்து பத்தரை மணிக்கு நல்லா இருந்துச்சு சார். இன்னிக்கு இன்னும் தெரியல” என்றார். மேனேஜர் முறைத்துவிட்டுப் போனார். கிண்டல் செய்கிறாரோ என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும்தான்.

பிறகுதான் புரிந்தது. மற்றவர்கள் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். இவர் ‘தெரியல’ என்று சொல்லிவிட்டு, தெரிந்துகொள்வதற்காகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்த ‘இன்னும்’ என்ற வார்த்தையை யாரும் காதில் வாங்கவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஒருமுறை காட்டு ஓரத்தில் யானைகள் சாலையைக் கடக்கின்றன என்று அவருடைய பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர், எல்லாம் போய்விட்டன, கிளம்பலாம் என்றாராம். எத்தனை வந்தன, எத்தனை போயின என்று மேடம் கேட்டிருக்கிறார். யாரும் எண்ணவில்லை. அப்படியானால் போய்விட்டன என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்க, பஸ்ஸே சிரித்திருக்கிறது. டிரைவர் மட்டும் சிரிக்காமல் இன்ஜினை அணைத்தாராம். பத்து நிமிஷம் கழித்துக் குட்டியோடு ஒன்று வெளியே வந்தது. இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. லேட்டாக வந்ததற்குக் காரணமாக மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்ட சமயம். நான் பின்னால் சொல்லப்போகிற விஷயத்துக்கு அடுத்த வருஷம் அது நடந்தது. எங்கள் சர்ச்சில் எல்லாரும், ஒன்றும் இருக்காது, விசுவாசமாக இரு என்றார்கள். ஊரிலிருந்து ஃபோனில் அக்கா, தங்கச்சி, மச்சினி எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். மேடம் ஒருநாள் எங்கள் வீட்டுக் குழாயில் சாம்பிள் பிடிக்க வந்தபோது என் மனைவி அவரிடமும் சொல்லிவிட்டாள். மேடம் பாட்டிலை மூடிக் கீழே வைத்துவிட்டு, “தெரியலக்கா. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். நாளைக்கே போலாம், நானும் வரேன்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார். ஊசி குத்தி எடுத்த சதையின் ரிப்போர்ட் வருகிற நாளிலும் வந்தார். வெறும் கொழுப்புக் கட்டி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது என் மனைவி சொன்னாள்: “எல்லாரும் எனக்குத் தைரியம் சொன்னாவ. அந்தப் புள்ள மட்டுந்தான் எங்கூடச் சேந்து பயந்துச்சு.”

அவருடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிளான்ட்டில் மூன்று ஃபில்டர் பெட்கள் உண்டு. சிமென்ட் தொட்டிகள்தான். உள்ளே ஆள் உயரத்துக்கு மிளகு அளவில் கரித்துணுக்குகள். ஏரித் தண்ணீர் வண்டல் படிந்த பிறகு அதன் வழியாக இறங்கி, கடைசியில் குளோரின் கலந்து மேல்நிலைத் தொட்டிக்குப் போகும். பல வருஷமாக நான் அதை வெறும் வடிகட்டி என்றே நினைத்திருந்தேன். ஒவ்வொரு கரித்துணுக்கின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, தண்ணீரில் கரைந்து வருகிற அழுக்கை அவைதான் தின்கின்றன, கரி அவற்றுக்கு வீடு மட்டும்தான் என்று இவர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஏரியில் ஊர்ச் சாக்கடையும் கலக்கிறது. அதனால் அம்மோனியா இல்லாமல் இருக்காது. அதை அந்த உயிர்கள் தின்றாக வேண்டும். தின்னாமல் விட்டால் நாங்கள் போடுகிற குளோரினை அம்மோனியா தீர்த்துவிடும். தண்ணீர் பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். வீட்டுக் குழாய்க்குப் போய்ச் சேரும்போது கிருமியைத் தடுக்க அதில் ஒன்றும் இருக்காது.

ஆகவே கரியில் வாழும் அந்தக் குடியிருப்புக்காரர்கள் சுகமாக இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் மேடத்தின் வேலை. திங்களும் வியாழனும் நீளமான ஸ்டீல் குழாயைப் பெட்டுக்குள் இறக்கிக் கொஞ்சம் கரி எடுப்பார். உயிரோடு இருக்கிற எதன் உடம்பிலும் ஒரு பொருள் இருக்குமாம். செத்துவிட்டால் சீக்கிரமே காணாமல் போய்விடுமாம். மின்மினிப் பூச்சிக்கு வெளிச்சம் கொடுக்கிற மருந்தை அதனுடன் கலந்தால் மினுங்கும். நம் கண்ணுக்கு எட்டாத மினுக்கம். கையடக்கமான ஒரு மெஷின் அந்த வெளிச்சத்தை அளந்து எண் காட்டும். எண் பெரிதாக இருந்தால் உள்ளே உயிர் நிறைய இருக்கிறது.

கரியைப் பார்ப்பதற்கு முன்னால் சுத்தமான தண்ணீரை வைத்து ஒருமுறை மெஷினை ஓட்டுவார். “முதல்ல ஒண்ணுமே இல்லாதது எப்படி இருக்குதுன்னு பாக்கணும்ணா” என்பார். மூன்று சாம்பிள் எடுத்து அதில் ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னும் மூன்று. அதற்கும் மேலே, பெட்டுக்குள் இறங்குகிற தண்ணீரிலும் கீழே வெளியேறுகிற தண்ணீரிலும் ஆக்சிஜனை அளப்பார். கீழே குறைந்திருந்தால் உள்ளே இருப்பவர்கள் மூச்சு விடுகிறார்கள் என்று கணக்கு.

பெட்கள் அழுக்கேறி அடைத்துக்கொள்ளும்போது கீழிருந்து மேலாகத் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவுவோம். அந்தத் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. இருந்தால் அழுக்கோடு உள்ளே இருக்கும் உயிரும் போய்விடும். அதற்கென்று தனித் தொட்டி, தனி மோட்டார் உண்டு. குளோரின் லைனின் வால்வுக்கு மேலே ‘இதில் கழுவக் கூடாது’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதச் சொன்னவர் மேடம். எழுதியவன் நான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேடம் வரவில்லை. அவருடைய அப்பாவின் ராகிக் காட்டில் யானை இறங்கியிருந்தது. காலையில் கழுவுகிற மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கழற்றி ஓசூருக்கு வைண்டிங் கட்ட அனுப்பினோம். மூன்றாவது பெட்டில் வால்வு ரிப்பேர் என்று இரண்டு நாளாக அதை மூடி வைத்திருந்தோம். மற்ற இரண்டும் அடைத்துக்கொண்டு தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பிளான்ட்டைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எப்படியாவது கழுவி விடுங்கள், நாளைக்குத் தண்ணீர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ‘எப்படியாவது’ என்னிடம் இருந்தது. நான் எழுதிய சிவப்பு எழுத்துக்குக் கீழே நின்றுகொண்டு அந்த வால்வைத் திறந்தேன். இந்தக் குளோரினில் என்ன செத்துவிடப் போகிறது, மிச்சம் மீதி இருந்தால் மறுபடி வளர்ந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றாம் பெட், பிறகு இரண்டாம் பெட்.

புதன்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். தண்ணீரை கிளாஸில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நானும் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

வியாழன் காலை மேடம் வந்து கரி எடுத்தார். வழக்கமாக இரண்டாயிரத்தை ஒட்டிக் காட்டுகிற மெஷின் நூற்றுச் சொச்சம் காட்டியது. அவர் முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டார். வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தார். புது மருந்துப் பாட்டிலைப் பிரித்தார். வேறு இடத்தில் குழாயை இறக்கி மறுபடி எடுத்தார். மூடியிருந்த மூன்றாவது பெட்டிலும் எடுத்துப் பார்த்தார். அது வழக்கம்போல இருந்தது. ஒன்றிலும் இரண்டிலும் ஆக்சிஜனை அளந்தார். மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு. உள்ளே யாரும் மூச்சு விடவில்லை. உடனே காலனியின் கடைசி வீட்டுக்கு ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தார். குளோரின் துளியும் இல்லை.

திரும்பி வந்ததும் மேனேஜரிடம் சொல்லி சப்ளையை நிறுத்தினார். இருக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று காலனி வாட்ஸ்அப் குழுவில் மூன்று மொழியில் பேசிப் போட்டார். பிறகு என்னிடம் வந்து, செவ்வாய்க்கிழமை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று கேட்டார்.

“வழக்கமாக் கழுவுத தண்ணிதாம்மா. மோட்டார் புகையுததுக்கு முன்னாலயே கழுவிட்டேன்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதினார். அவர் நகர்ந்த பிறகு எட்டிப் பார்த்தேன். எண்கள், நேரம், எல்லாம் வரிசையாக. கடைசியில், கழுவிய தண்ணீர்: குளோரின் இல்லாதது. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், ஆபரேட்டர் சொன்னது.

என்னைப் பொய்யன் என்று எழுதியிருந்தால்கூட அவ்வளவு குத்தியிருக்காது. அவர் அளந்தது ஒரு பக்கம், நான் சொன்னது ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார். அவ்வளவுதான்.

மத்தியானம் மேனேஜர் ரூமில் பேச்சு. மூன்றாவது பெட்டின் வால்வு சரியாகிவிட்டது, அதைத் திறக்கலாம், குளோரினை அள்ளிப் போட்டுச் சமாளிக்கலாம் என்றார் மேனேஜர். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மோனியா ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். எவ்வளவு அள்ளிப் போட்டாலும் குழாய்க்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது என்றார். மூன்றாவதைத் திறக்கவும் அவருக்குப் பயம். ஏரிக்குள் யாராவது கொண்டுவந்து விட்ட விஷத் தண்ணீரால் இரண்டு பெட் செத்திருந்தால், மூடிக் கிடந்ததால்தான் மூன்றாவது பிழைத்தது என்று ஆகும். திறந்தால் அதுவும் போய்விடும். காலையிலேயே ஏரித் தண்ணீரில் நல்ல கரியைப் போட்டு வைத்து, உயிர் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குறையவில்லை.

“அப்பறம் என்ன?” என்றார் மேனேஜர்.

“அது இன்னிக்குத் தண்ணி சார். விஷம் ஒரு நாள் வந்துட்டுப் போயிருந்தா? மறுபடியும் வந்தா? செவ்வாய்க்கிழமைய அளக்க என்கிட்ட மெஷின் இல்ல.”

நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். செவ்வாய்க்கிழமை முழுசாக என்னிடம் இருந்தது.

வெளியே வந்தால் கேட்டில் கூட்டம். குடங்களோடு பெண்கள், ஷிஃப்ட் முடிந்து வந்த ஆண்கள். கடைசி லைன் வீட்டுக்காரப் பெண் முன்னால் நின்றாள். சேலத்துப் பக்கம். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள், ஒரு வயது ஆகவில்லை. ஒன்றை இடுப்பில் வைத்திருந்தாள். நேற்றிலிருந்து இன்னொன்றுக்கு வயிறு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அவள் புருஷன் போயிருக்கிறான் என்றாள்.

“நேத்து வந்த தண்ணி நல்லதா, கெட்டதா? ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போ.”

மேடத்தின் முகம் வெளுத்துப்போனது. “தெரியலக்கா” என்றார்.

“தெரியல, தெரியல. இதச் சொல்றதுக்குத்தான் இவ்ளோ படிச்சிட்டு வந்தியா? புள்ளய வெச்சுக்கிட்டுக் கேக்கிறேன், உனக்கு வாய் கூசல?”

கூட்டம் சேர்ந்துகொண்டது. யாரோ அந்தப் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். குழந்தையை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று மட்டும் மேடம் கேட்டு எழுதிக்கொண்டார். நான் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். தெரிந்தவன் நான். வசவு வாங்குகிறவர் தெரியாதவர்.

கூட்டம் கலைந்ததும் அவர் லேபுக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். மேஜையில் அவருடைய டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. ராகிக் களி உருண்டை தொடாமல் காய்ந்துபோயிருந்தது.

“ஏரியில ஒண்ணும் வரலம்மா. நாந்தான். குளோரின் தண்ணியில கழுவிட்டேன்.”

அவர் என்னையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“எவ்ளோ நேரம்ணா?”

“ஒண்ணு ஒண்ணுக்கும் இருவது நிமிசம்.”

“மூணாவது?”

“அதத் தொடல. சத்தியமாத் தொடல.”

“சத்தியமெல்லாம் வேணாம். அது உசுரோட இருக்கிறத நானே பாத்துட்டேன்.” அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்போ ஏரி நல்லாத்தான் இருக்குது. மூணாவதத் தொறக்கலாம்ணா. கொஞ்சமாவது தண்ணி விடலாம்.”

முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்தது. ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. நோட்டை எடுத்து, குளோரின் தண்ணீரில் கழுவியது, இருபது நிமிஷம், ஆபரேட்டர் தானே வந்து சொன்னது என்று எழுதினார். மேலே இருந்த பழைய வரியை அடித்துவிடக் கூடாதா என்று கேட்டேன்.

“அடிக்க மாட்டேன்ணா. ரெண்டுமே நடந்துச்சு.”

மேனேஜரிடம் நீங்களேதான் சொல்ல வேண்டும் என்றார். சொன்னேன். அவர் கத்தினார், மெமோ கொடுத்தார். வேலை போய்விடும் என்று நானும் என் மனைவியும் ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தோம். போகவில்லை. மோட்டார் இல்லாத நாளில் எப்படியாவது கழுவச் சொன்னது யார் என்று விசாரணையில் வந்துவிடுமே என்று அவருக்கும் பயம் இருந்திருக்கலாம். சொல்லச் சொன்ன மேடம், நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த ரூம் வாசலிலேயே நின்றிருந்தார்.

அன்று சாயங்காலம் மேடம் ஆஸ்பத்திரிக்குப் போனார். குழந்தை தேறிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் காலனியில் வீடு வீடாக ஏறி, வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் என்று கேட்டார். வேறு யாருக்கும் எதுவும் இல்லை. அந்தக் குழந்தைக்கு வந்தது நம் தண்ணீரால்தானா என்று நான் ஒருநாள் கேட்டேன். தெரியல என்றார். வழக்கமாக வருகிற ‘இன்னும்’ அதில் இல்லை. இனிமேல் தெரிந்துகொள்ளவும் முடியாது என்றார். அதை மட்டும் நான் இன்றுவரை சுமக்கிறேன்.

மூன்றாவது பெட்டின் தண்ணீர் போதவில்லை. ஒரு லைனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் விட்டோம். மிச்சத்துக்கு டேங்கர் லாரி. மேடம் மூன்றாவது பெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரி எடுத்துச் செத்த பெட்களில் கலக்கச் சொன்னார். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. பக்கெட் பக்கெட்டாக நான்தான் சுமந்தேன். அந்த இரண்டு பெட் வழியாகவும் ஏரித் தண்ணீரை மெதுவாக விட்டு, இறங்கியதை வீட்டுக்கு அனுப்பாமல் மரங்களுக்குப் பாய்ச்சினோம். தினமும் காலையில் அவர் பஸ் இறங்கி வரும்போது நான் ஸ்டீல் குழாயைக் கழுவி வைத்துக்கொண்டு நிற்பேன்.

முதல் சில நாள் எண் அசையவில்லை. பிறகு முந்நூறு, எழுநூறு என்று ஏறியது. பத்து நாளில் ஆயிரத்தைத் தாண்டியது. மேனேஜர் சந்தோஷமாகத் திறக்கலாம் என்றார். நானும் அதையே நினைத்தேன். மேடம் மறுத்துவிட்டார். உயிர் வந்துவிட்டது, ஆனால் எந்த உயிர் என்று இந்த வெளிச்சம் சொல்லாது என்றார். அம்மோனியாவைத் தின்கிறவர்கள் மெதுவாகத்தான் பெருகுவார்களாம்.

“ஊருக்குள்ள ஆள் வந்துட்டாங்க சார். அதுல தச்சு வேலை தெரிஞ்சவன் இருக்கானான்னு தெரியல.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் மேடத்தின் பக்கம் நின்றேன். இன்னும் பார்ப்போம் சார் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு மெஷினோடு, அம்மோனியாவையும் காலை மாலை இரண்டு வேளையும் பார்த்தோம். மேலே இருந்தது கீழேயும் அப்படியே வந்தது. பிறகு ஒருநாள் கொஞ்சம் குறைந்தது. மறுநாள் பாதி. காலனியில் எங்களோடு யாரும் முகம் கொடுத்துப் பேசாத நாட்கள் அவை. நான்தான் செய்தேன் என்பது எப்படியோ கசிந்துவிட்டது. டீக்கடையில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். மேடம் மட்டும் தன் டீயை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, அன்றைய ஆக்சிஜன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்த இரண்டு வருஷமும் அவர் எங்களோடு இருந்தார். பிறகு கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே எங்களுடையதைவிடப் பெரிய பிளான்ட்டில் இதே வேலை. எப்போதாவது ஃபோன் செய்வார். என் மனைவியின் உடம்பைப் பற்றிக் கேட்டுவிட்டுப் பெட்களின் எண்ணைக் கேட்பார். இப்போது லேபில் இருக்கிற பையன் கெட்டிக்காரன். ஆனாலும் அவர் கேட்பார் என்பதற்காக நான் எண்ணைத் தனியாகக் குறித்து வைக்கிறேன்.

நான் அந்த வால்வைத் திறந்து மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, செத்திருந்த இரண்டு பெட்டுக்கும் கீழே வந்த தண்ணீரில் அம்மோனியா இல்லை. ஞாயிறும் இல்லை. இரண்டு நாளும் எண் இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் நின்றது. திங்கட்கிழமை காலை மூன்று பெட்டையும் திறந்தோம்.

திறந்துவிட்டு இரண்டு பேரும் காலனிக்குள் நடந்தோம். முதல் லைனில் ஒரு குழாய், நடு லைனில் ஒரு குழாய். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரை போடுவார். குளோரின் இருந்தால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். இரண்டு இடத்திலும் ஆனது. கடைசி லைனுக்குப் போகப் போக என் கால் தயங்கியது. பைப் அங்கேதான் முடிகிறது. அங்கே இல்லையென்றால் மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து.

அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்துவிட்டு வாசல் குழாயைக் கையால் காட்டினாள். குழந்தைகள் இரண்டும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றன. எந்தக் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேடம் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டார். குப்பியில் பிடித்தார். மாத்திரையைப் போட்டு மூடிக் குலுக்கினார். நான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ரோஸ் வந்தா நல்லதா?” என்று அந்தப் பெண் கேட்டது காதில் விழுந்தது.

“நல்லதுக்கா. குடிக்கலாம். கொழந்தைங்களுக்கும் குடுக்கலாம்.”

திரும்பிப் பார்த்தேன். ரோஸ்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையில் கட்டுகிற ரிப்பன் மாதிரி. அந்தப் பெண் குப்பியைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்து குழாயடியில் வைத்தாள். நான் சாக்கடையை மூடிய பலகைக் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

குடம் பாதி நிறைந்தபோது ஒரு குழந்தை தவழ்ந்து வந்து மண் கையை அதற்குள் விட்டு அளைந்தது. அவள் அந்தக் கையில் லேசாக ஒரு அடி போட்டாள். மூன்று வாரமாகச் சொம்புத் தண்ணீரைக்கூட மூடி வைத்துக் காபந்து பண்ணிய பெண், யோசிக்காமல் பாதிக் குடத்தை வாசலில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடியும் குழாயை முழுசாகத் திறந்தாள். தண்ணீர் ஓடிவந்து என் காலை நனைத்தது. நான் நகரவில்லை.